பூக்கெட் கடலோர வீடு: பத்திரத்தில் உங்களுக்குக் கிடைப்பது என்ன?

கமலா, சுரின், பாங் தாவ் கடற்கரைகளில் வெளிநாட்டவருக்கு விற்கப்படும் சொகுசு வீடுகள் பெரும்பாலும் இரண்டு வகை: ஃப்ரீஹோல்டு காண்டோ (முழு உரிமையோடு வரும் அடுக்ககக் குடியிருப்பு), லீஸ்ஹோல்டு வில்லா (குத்தகை நிலத்தில் நிற்கும் தனி வீடு). விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே நீச்சல்குளம், ஒரே சூரிய அஸ்தமனம். ஆனால் காண்டோ சொத்து. வில்லா 30 வருட வாடகை.

அரிய விதிவிலக்குகள் தவிர தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. ஆகவே வில்லாவின் நிலம் குத்தகைக்குத்தான் வரும். அதற்கு அந்நாட்டு சிவில் சட்டத்தின் 540ஆம் பிரிவு 30 ஆண்டுகள் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஏஜென்ட் "30+30+30" என்று தொண்ணூறு ஆண்டுக் கணக்குச் சொல்வார். நில அலுவலகத்தில் பதிவாவது முதல் 30 மட்டும்தான். மீதி வெறும் வாக்குறுதி. நிலம் கைமாறினால் புது உரிமையாளர் அதை மதிப்பார் என்று நம்பி இருக்கக் கூடாது. குத்தகைதாரர் இறந்தால் குத்தகையும் முடிந்துபோகும், வாரிசுக்குச் சேரும் என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதாவிட்டால். அப்படியும் வில்லாதான் வேண்டுமென்றால், கட்டட அனுமதியை உங்கள் பெயரில் வாங்கச் சொல்லுங்கள். நிலம் இல்லாவிட்டாலும் கட்டடமாவது உங்களுடையதாக நிற்கும். குத்தகைப் பதிவுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் சேர்த்து 1.1 சதவீதம்.

தாய்லாந்துக்காரர்களைப் பெயருக்குப் பங்குதாரர்களாகப் போட்டு ஒரு கம்பெனி தொடங்கி, அதன் பெயரில் நிலம் வாங்கித் தருகிறோம் என்பார்கள். நம்மூர் பினாமியேதான். சட்டப்படி குற்றம், நிலத்தை விற்றுவிடும்படி அரசு உத்தரவிடலாம். இந்த யோசனையைச் சொல்லும் வக்கீலை மாற்றிவிடுங்கள்.

எங்கள் வாக்கு காண்டோவுக்கே. 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். கடல் பார்த்த வீடுகளில் இந்த ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு அதே கட்டடத்தில் மிச்சமிருப்பதை லீஸ்ஹோல்டாக, கிட்டத்தட்ட அதே தோரணையில் விற்பார்கள். ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறது என்று கட்டட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வராமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அதிகம் பேர் சறுக்குவது பணம் அனுப்புவதில். தொகை வெளிநாட்டு நாணயமாகவே தாய்லாந்து வங்கிக்குள் போய், அங்கேதான் தாய்லாந்து நாணயமான பாட் ஆக மாற வேண்டும். அனுப்புபவர் பெயர் வாங்குபவர் பெயரோடு பொருந்த வேண்டும். நோக்கம் காண்டோ வாங்குவது என்று இருக்க வேண்டும். 50,000 டாலரும் அதற்கு மேலும் என்றால் வங்கி எஃப்இடி படிவம் (வெளிநாட்டு நாணயம் வந்து மாற்றப்பட்டதற்கான சான்று) தரும். அது இல்லாமல் உங்கள் பெயருக்குப் பத்திரம் மாறாது. பின்னாளில் விற்ற பணத்தை வெளியே கொண்டுவரவும் அதே தாள் தேவைப்படும். இந்தியாவில் வசிப்பவர் எல்ஆர்எஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம்) வழியில் ஒரு நிதியாண்டுக்கு, ஆளுக்கு 2,50,000 டாலர் வரைதான் அனுப்ப முடியும். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீத டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டலாம்தான், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. ஐடி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான பட்டியலில் வீட்டைக் காட்டுவதும் கட்டாயம்.

பெயர் மாற்றக் கட்டணம் அரசு மதிப்பில் 2 சதவீதம். பாதிப் பாதி பிரித்துக்கொள்வது வழக்கம். விற்பவர் ஐந்து ஆண்டுக்குள் கைமாற்றினால் வரும் 3.3 சதவீத வணிக வரி அவர் பாடு. "எல்லாச் செலவும் வாங்குபவரே" என்று ஒரு வரியை ஒப்பந்தத்தின் கடைசியில் நுழைத்து அதையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் திட்டமானால் நிலப் பத்திரம் சிவப்புக் கருடன் முத்திரை போட்ட சனோட்தானா (முழு நில உரிமைப் பத்திரம்) என்று பாருங்கள். 80 வீடுகளும் அதற்கு மேலும் உள்ள கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் ஒப்புதல் தேவை. அது வருவதற்குள் புக்கிங் வாங்கும் திட்டங்கள் உண்டு. ஒப்புதல் தள்ளிப்போனால் சாவியும் தள்ளிப்போகும்.

மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை பருவக்காற்று உப்போடு அடிக்கும். ஏசியின் வெளி யூனிட்டும் பால்கனிக் கைப்பிடியும்தான் முதலில் போகும். கைப்பிடி 316 ரக எஃகு என்று எழுத்தில் வாங்குங்கள். 304 கடலோரத்தில் துருப்புள்ளி பிடிக்கும். வீட்டைப் பார்க்க ஜனவரியில் போகாமல் ஆகஸ்டில் போனால் கசிவு, ஈரம், அலைச்சத்தம் எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

"வாடகை உத்தரவாதம்" என்பது பல நேரம் விலையில் முன்கூட்டியே ஏற்றிய பணம்தான். 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட 2004ஆம் ஆண்டு ஹோட்டல் சட்டப்படி உரிமம் வேண்டும். சாதாரணக் காண்டோவுக்கு அது இருக்காது. வாடகை வருமானத்தை நம்பி வாங்குபவர்கள் அந்த உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.