பலா மரம் கொடுத்தேன், ரப்பர் மரம் வந்தது: பெங்களூரில் கஸ்டம் கிட்டார் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பெங்களூரில் யாரிடமாவது கஸ்டம் எலெக்ட்ரிக் கிட்டார் செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? அதிலும் உங்கள் சொந்த மரத்தைக் கொடுத்துச் செய்யச் சொல்லப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எனக்குக் கிட்டார் செய்து கொடுத்தவர் பெயரை இங்கே போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, அது முடியும் வரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பீன்யா பக்கம் சின்ன பட்டறை, போன் முழுக்க அழகழகான கிட்டார் படங்கள், வாயில் நல்ல பேச்சு. அவ்வளவு போதும்.

வழக்கத்துக்கு மாறான கிட்டார்கள் மேல் எனக்குப் பல வருடப் பைத்தியம். 1958-இல் கிரெட்ச் கம்பெனி பாடகர் போ டிட்லிக்குச் செய்து கொடுத்த செவ்வக கிட்டார், 1969-இல் ஆம்பெக் வெளியிட்ட டான் ஆம்ஸ்ட்ராங்கின் பிளெக்சிகிளாஸ் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்) கிட்டார், கம்பி முறுக்கும் தலையே இல்லாத ஸ்டைன்பெர்கர், இவற்றையெல்லாம் பார்த்துப் பார்த்து அல்சூர் வீட்டு மொட்டை மாடியில் நானே சிலவற்றைச் செய்திருக்கிறேன். வால்யூம் திருகும் பாட், கெபாசிட்டர், ஜாக் எல்லாம் எஸ்பி ரோட்டில் வாங்கி நானே சால்டர் வைப்பேன். ஆனால் இந்த முறை கேட்டது என் கைக்கு மீறிய வேலை. தலையில்லாத உடம்பு, விசிறி ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள் விசிறி மாதிரி விரிந்து நிற்பது), கம்பி நீளம் மெல்லிய கம்பிக்கு 25.5 அங்குலம், தடித்த கம்பிக்கு 27 அங்குலம். ரால்ஃப் நோவாக் 1989-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. ஃபிரெட்டுகள் சாய்ந்து நிற்கும், உடம்பில் கம்பி உட்காரும் பிரிட்ஜும் அதற்கேற்பச் சாய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் சுருதி நிற்காது.

உடம்புக்கு நான் கொடுத்தது பாட்டி வீட்டுப் பத்தாயப் பலகை. பாபநாசம் பக்கம் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது சித்தப்பா பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். நன்றாக முற்றிய பலா, இரண்டு பலகை. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில்தான் செய்கிறார்கள், மிருதங்கமும் அப்படித்தான். குவீன் இசைக்குழுவின் பிரையன் மே 1963-இல் அப்பாவோடு சேர்ந்து தன் கிட்டாரைச் செய்யத் தொடங்கியபோது கழுத்துக்கு எடுத்தது ஒரு பழைய கணப்படுப்புச் சட்டத்து மகோகனி. பத்தாயத்திலிருந்து ஒரு கிட்டார் வரட்டுமே என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "தாராளமா எடுத்துக்கப்பா, சும்மா பரண்ல கெடக்குறதுக்கு" என்று கொடுத்தார். அந்தப் பலகைக்கு விலை கிடையாது. என் கோபமெல்லாம் அதில்தான், பணம் அப்புறம்.

பேசிய தொகை ₹1,10,000. பாதி அட்வான்ஸ். பெயிண்ட் கூடாது, எண்ணெய் மட்டும், மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதியிருந்தேன். முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. அப்புறம் மரத்தைக் காய வைக்கத் தனியாகப் பணம், பிரிட்ஜுக்கு சுங்க வரி என்று தனியாகப் பணம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் யுபிஐ ஐடி அனுப்பினார். பில் கேட்டால் "டெலிவரில சேத்துத் தர்றேன் சார்". இதே வரிசை உங்களுக்கும் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நடுவில் வந்த படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடம்பு வெட்டி முடித்தாயிற்று என்று மூன்று படம் அனுப்பினார். தேன் நிறத்தில் மரம், பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் என் பலகை ஒன்றில் இரும்பாணி அடித்த ஓட்டையும் அதைச் சுற்றிக் கறுத்த வளையமும் உண்டு. இன்னொன்றில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கணு. படத்தில் இரண்டும் இல்லை. கேட்டேன். "அதெல்லாம் பின்பக்கம் போயிடுச்சு சார்" என்றார். பின்பக்கப் படம் கேட்டதற்குப் பதில் வரவில்லை. பிறகு கூகுளில் படத்தைப் போட்டுத் தேடினால் அது எங்கோ வெளிநாட்டில் ஒருவர் செய்த கிட்டாரின் படம். பட்டறைக்குப் போனால் பூட்டு. அடுத்த வாரம் "மரத்துல வெடிப்பு தெரியுது சார், கறுப்பு அடிச்சாத்தான் நல்லா இருக்கும்" என்று குரல் செய்தி. வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று எழுதினேன். கிட்டார் வந்தது, முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று கறுப்பு.

பின்பக்கம் வயரிங் குழியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினேன். நான்கு ஸ்குரூதான். பெயிண்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் குழிக்குள் ஒழுங்காக அடிக்க மாட்டார்கள், இங்கேயும் அப்படித்தான். உள்ளே மரம் வெளிறிய கிரீம் நிறம். முற்றிய பலா வெட்டின புதிதில் மஞ்சளாக இருக்கும், நாளாக நாளாகக் காவி ஏறிப் பழுப்பாகும். வெளிறவே வெளிறாது. இன்னும் உற்றுப் பார்த்தால் குழியின் சுவரில் ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு, ஒரு சாண் தள்ளி இன்னொன்று. துண்டு துண்டான கட்டைகளைப் பல் வெட்டிக் கோத்து ஒட்டிய பலகை அது. ஸ்ரீராம்புரத்தில் எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார், நகத்தால் கீறினார். "இது ரப்பர் மரம்ங்க. பல்லு பல்லா சேத்திருக்கான் பாருங்க. கடையில ஷீட்டாவே விக்கிறான். பலாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ரப்பர் மரத்தை நான் குறை சொல்லவில்லை, அதில் நல்ல நாற்காலி செய்கிறார்கள். நான் கொடுத்தது அதுவல்ல.

அன்றே மற்றதையும் அளந்தேன். 12-ஆம் ஃபிரெட் கம்பி நீளத்தின் சரிபாதியில் இருக்க வேண்டும். 27 அங்குலம் என்றால் 685.8 மி.மீ., அதில் பாதி 342.9. நட்டிலிருந்து (கழுத்தின் நுனியில் கம்பியைத் தாங்கும் துண்டு) 12-ஆம் ஃபிரெட் வரை சரியாகவே இருந்தது. கழுத்து எங்கோ ரெடிமேடாக வாங்கியது என்பது என் கணிப்பு. அங்கிருந்து தடித்த கம்பியின் சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் நகரும் துண்டு) வரை 342.9-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். இருந்தது 339, அதுவும் சேடிலை முழுக்கப் பின்னால் தள்ளிய பிறகு. பிரிட்ஜை இடம் மாற்றி அடித்திருக்கிறார். 12-இல் அழுத்தி மீட்டினால் ட்யூனர் சுருதியை 10 சென்டுக்கு (ஒரு சென்ட் அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) மேல் ஏற்றிக் காட்டுகிறது. எவ்வளவு திருகினாலும் இது சரியாகாது. பிரிட்ஜைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, புதிதாகத் துளைக்க வேண்டும். ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருந்தால் கடையிலேயே நின்று இதைப் பார்த்துவிடலாம்.

பிக்கப் கதையும் அதேதான். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம். பேசியது 8 கிலோ ஓம் ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுருள் பிக்கப். ஜாக்கில் கார்டைச் செருகி, வால்யூமை முழுக்க வைத்து, மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்தால் 500 கிலோ ஓம் வால்யூம் பாட் சேர்ந்து 7.9 அளவில் காட்ட வேண்டும். காட்டியது 5 கூட இல்லை. மேலே மூடி மட்டும் பிராண்ட் பெயரோடு மின்னுகிறது.

போன் பண்ணிக் கேட்டேன். குரலே மாறிவிட்டது.

"பலா மரம் கிட்டாருக்கு ஒத்து வராது சார். உங்க நல்லதுக்குத்தான் மாத்தினேன்."

"சரி தம்பி, என் பலகையைத் திருப்பிக் குடுங்க."

"அது வேஸ்ட்ல போயிடுச்சு சார்."

அந்த அகலப் பலகை இரண்டும் வேஸ்டில் போகிற அளவு இல்லை. எங்கேயோ விற்றிருக்கிறார், அல்லது வேறு யாருக்கோ உடம்பாகியிருக்கிறது.

மரம் கொடுப்பவர்கள் கொடுக்கும் முன்பே பலகையின் வெட்டு முகத்தைக் கிட்டத்தில் படம் எடுங்கள், எடை போட்டு எழுதுங்கள், வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். என்னிடம் ஆணி ஓட்டையோடு படம் இருந்ததால்தான் இன்று வாதாட முடிகிறது. உடம்பு வெட்டி முடிந்து பெயிண்டுக்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள், போட்டோவை நம்பி அடுத்த தவணை கட்டாதீர்கள். பணம் ஒரே கணக்குக்குப் போகட்டும், பில் முதல் தவணையிலேயே வரட்டும்.

ஏமாந்தவர்களுக்கு: 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நம்பி ஒப்படைத்த பொருளை விற்பதும் தனதாக்கிக்கொள்வதும் பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆம் பிரிவில் குற்றம், அதனால் போலீஸிலும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். நோட்டீஸில் முதலில் பலகையையும் பிறகு பணத்தையும் கேட்டிருக்கிறேன்.

பீன்யா பக்கம் கொடுத்து வாங்கியவர்கள், முக்கியமாகக் கேட்காமலேயே கறுப்பு அடித்த கிட்டார் கைக்கு வந்தவர்கள், பின்தகட்டைக் கழற்றிப் பாருங்கள். குழிக்குள் அந்தப் பல் கோடு இருந்தால் படத்தோடும் யுபிஐ ரசீதோடும் எனக்கு எழுதுங்கள். ஒரே பாதிப்பு உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே ஒரு மனு போட சட்டத்தில் இடம் இருக்கிறது.