காரில் இல்லாத சென்சாரை மாற்றியதற்கு ₹13,400

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் காரை ஸ்டார்ட் செய்ததும் மீட்டரில் மஞ்சள் லைட். குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. டயர் பிரஷர் லைட் அது. சுற்றி வந்து பார்த்தால் நாலு டயரும் நன்றாகத்தான் தெரிந்தன. மறுநாள் அப்பாவை வேலூருக்கு செக்கப்புக்கு அழைத்துப் போக வேண்டும். சரி, ரிஸ்க் வேண்டாம் என்று, வீட்டு வாசலுக்கே வந்து கார் பழுது பார்க்கும் ஆப் ஒன்றில் புக் செய்தேன். பெயர் போடவில்லை, கேஸ் போடுகிற யோசனை இருக்கிறது.

வந்த பையனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கழுத்தில் ஐடி கார்டு. டிரைவர் கதவைத் திறப்பதற்கு முன்னால் பையிலிருந்து ஒரு ரப்பர் மேட்டை எடுத்து, கார்ப்பெட் அழுக்காகக்கூடாது என்று விரித்துவிட்டுத்தான் காலை வைத்தான். காபி கொடுத்தேன். "டூட்டியில வேண்டாம்க்கா" என்றான். அந்த மேட்டிலேயே நான் விழுந்துவிட்டேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கறுப்பு டப்பாவைச் சொருகினான். போனை நீட்டினான். நாலு சிவப்பு வரிகள், நாலிலும் 'சென்சார் பேட்டரி லோ'. "ஒவ்வொரு வீல்லயும் காத்தை அளக்கிற சென்சார் ஒண்ணு இருக்குக்கா. உள்ள பேட்டரி தீர்ந்தா மாத்த முடியாது, சென்சாரையே மாத்தணும். பெரியவரை வச்சு ஹைவேல போறேன்னு சொல்றீங்க..." அதோடு நிறுத்திக்கொண்டான். மீதி பயத்தை நானே பட்டுக்கொள்ளட்டும் என்று!

சென்சார் ஒன்று 2,900, நாலுக்கு 11,600. புரோகிராமிங் 1,200. கூலி 600. ஆக மொத்தம் ₹13,400. ஜாக்கி வைத்து வீல்களைக் கழற்றி, தெருமுனையில் நின்ற வேனுக்கு உருட்டிக்கொண்டு போனான். மெஷின் அங்கே இருக்கிறதாம். திரும்பி வந்தபோது வால்வில் புதுசாகப் பச்சை மூடிகள். லைட் அணைந்திருந்தது. ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

வேலூரிலிருந்து திரும்பும்போது, ராணிப்பேட்டை தாண்டியதும் அதே மஞ்சள் லைட்.

ஊருக்கு வந்ததும் எங்கள் தெரு பஞ்சர் கடை அண்ணனிடம் போனேன். காற்றை அளந்தார். மற்ற மூன்று டயரிலும் 32 psi, பின் இடது டயரில் 22. சோப்புத் தண்ணீர் ஊற்றினார், ஓரத்தில் குமிழி. ஒரு குட்டி ஸ்க்ரூ. உள்ளே மஷ்ரூம் பேட்ச் வைக்க டயரை ரிம்மிலிருந்து பிரித்தார். "சென்சார் உடையாம பார்த்துப் பண்ணுங்கண்ணே, புதுசு" என்றேன். ரிம்முக்குள் விரலை விட்டுக் காட்டினார். வால்வின் உள்பக்கம் வெறும் ரப்பர் முனை. "இந்த வண்டிக்கு சென்சாரே கிடையாதேம்மா." நம்பாமல் இன்னொரு வீலையும் பிரிக்கச் சொன்னேன். அதிலும் ஒன்றும் இல்லை. பேட்சுக்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கார் மேனுவலில் தெளிவாகப் போட்டிருக்கிறது. என் காரில் காற்றை அளக்கும் சென்சார் இல்லை. பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்காக இருக்கிற சென்சார்களே சக்கரச் சுற்றை எண்ணுகின்றன. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்று சுருங்கும், மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். அதை வைத்துத்தான் லைட் எரிகிறது. காற்று நிரப்பியபின் திரையில் ரீசெட் கொடுத்தால் போதும். அவன் 1,200 ரூபாய்க்குச் செய்த 'புரோகிராமிங்' அதுதான்! பில்லோடு வந்த ரிப்போர்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே வேறு கம்பெனி காரின் பெயர். அன்றைக்கு போனை நீட்டியபோது அந்த இடத்தில்தான் அவன் கட்டைவிரல் இருந்தது.

அப்புறம் ஆரம்பித்தது கஸ்டமர் கேர் கூத்து. சாட்டில் எதைக் கேட்டாலும் 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்'. போனில் ஒரு பெண், "அவர் எங்க ஸ்டாஃப் இல்ல மேடம், பார்ட்னர்" என்றார். பணம் வாங்கியது யார் என்றால் பதில் இல்லை. அடுத்தவர், வாரண்டி இருக்கிறது, பழுதான சென்சாரைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றார். இல்லாத சென்சாரை எப்படிப் படம் எடுப்பது? வெறும் ரிம்மைப் படம் எடுத்து அனுப்பினேன். 'படம் தெளிவாக இல்லை' என்று வந்தது. கடைசியில் அடுத்த சர்வீஸுக்கு 500 ரூபாய் கூப்பன். ₹13,400-க்கு 500 ரூபாய் கூப்பன்!

டயர் லைட் எரிந்தால் என்ன செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முதலில் காற்றைப் பாருங்கள், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் இருக்கும். வீலில் சென்சார் உள்ள கார்களில் பெரும்பாலும், ஒரு நிமிஷம் போலச் சிமிட்டிவிட்டு நின்று எரிந்தால்தான் சிஸ்டத்தில் கோளாறு. எடுத்த எடுப்பிலேயே நின்று எரிந்தால் காற்று குறைவு. உங்கள் காரில் சென்சார் உண்டா என்று மேனுவலைப் பாருங்கள். வீலைக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டு போக விடாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஆப்பில் ஏமாந்தால் அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டு இடத்திலும் புகார் கொடுத்தாயிற்று. கூப்பனைத் தொடவில்லை. எனக்கு வேண்டியது ₹13,400.