பியூட்டைலா, வினைலா, டயரா? காருக்குள் சத்தம் குறைய எதில் காசு போடலாம்

"டேம்பிங் பண்ணிட்டேன், ஆனா பெரிசா ஒண்ணும் தெரியல" என்று புலம்புகிறவரிடம், அதிர்வை அடக்கும் அந்த ஷீட்டை எங்கே ஒட்டினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நாலு கதவிலும் என்பார். நானும் அந்தக் கூட்டம்தான். என் ஹேட்ச்பேக்கின் கதவு அதன்பிறகு பெரிய கார் மாதிரி 'தொப்'பென்று சாத்தியது, ஸ்பீக்கரில் பேஸ் கெட்டியானது. ஆனால் திண்டிவனம் தாண்டி 90-ல் போகும்போது பின்சீட்டோடு பேச அப்போதும் கத்த வேண்டியிருந்தது.

காருக்குள் கேட்பது ஒரே சத்தம் இல்லை. தகரம் அதிர்ந்து வருவது 'கும்ம்'. டயர் ரோட்டில் தேய்ந்து வருவது 'சர்ர்'. வேகம் ஏற ஏறக் கண்ணாடி ஓரத்தில் வருவது 'உஸ்ஸ்'. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

'கும்'முக்கு இரண்டு ஷீட் கிடைக்கும்: தார் ஷீட், பியூட்டைல். தார் ஷீட் மலிவு, அதோடு சரி. ஏப்ரல் மதியம் வெயிலில் நின்ற வண்டியைத் திறந்தால் புதிதாக ரோடு போட்ட தெருவுக்குள் நுழைந்த வாடை அடிக்கும். சூட்டில் இளகி விட்டுக்கொடுக்கவும் செய்யும். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம். பியூட்டைல் என்பது ஒரு பக்கம் அலுமினியத் தாள் போர்த்திய பிசின் ரப்பர். தகரம் அதிரும்போது தகரத்துக்கும் தாளுக்கும் நடுவே மாட்டிய ரப்பர் இழுபட்டு, அந்த அதிர்வைச் சூடாக்கித் தின்றுவிடும். அதனால் தகரம் முழுக்க ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. தட்டினால் அதிகம் அதிரும் நடுப்பகுதியில் கால்வாசி முதல் பாதி வரை மூடினாலே பெரும்பலன் வந்துவிடும். ஷீட் கணக்கில் விற்கும் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். ஒட்டும்போது ரோலரை அழுத்தி உருட்டச் சொல்லுங்கள். தாளில் இருக்கும் புடைப்பு மறைய வேண்டும். பிறகு விரல் முட்டியால் தட்டுங்கள். 'டங்' என்றது 'தொப்' என்றால் வேலை முடிந்தது.

ஆனால் பியூட்டைல் அதிர்வை அடக்குமே தவிர, வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. தடுக்க எடை வேண்டும். அதற்குத்தான் மாஸ் லோடட் வினைல்: சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் வரும் கனத்த விரிப்பு. அடியில் ஃபோம் போட்டு, இடைவெளி விடாமல் தரை முழுக்க விரித்தால் 'சர்ர்' நன்றாகவே அடங்கும். ஓரத்தில் சந்து விட்டால் சத்தம் அந்த வழியாக வந்துவிடும், செலவு பாதி வீண். சீட்டைக் கழற்ற வேண்டும், கார்பெட் திரும்ப உட்கார அடம்பிடிக்கும். 5 சதுர மீட்டர் வினைலே 25 கிலோ, 2 மி.மீ. பியூட்டைல் இன்னொரு 15 கிலோ. டீசல் எஸ்யூவி தாங்கும். 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டிக்கு நான் போட மாட்டேன்.

ஃபோம் வாங்கினால் தண்ணீர் குடிக்காத 'குளோஸ்டு செல்' வகை மட்டும். பஞ்சு மாதிரி இருப்பதைக் கார்பெட்டுக்கு அடியில் போட்டு, ஏசி தண்ணீர் ஒருமுறை உள்ளே கசிந்தால் அந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

இத்தனைக்கும் முன்னால் டயரைப் பார்த்திருக்க வேண்டும். ரப்பர் இறுகிப்போன, மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த பழைய டயரை வைத்துக்கொண்டு தரைக்கு ஷீட் ஒட்டுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி. சுங்கச்சாவடியின் சிமென்ட் தளத்தில் ஏறியதும் சத்தத்தின் சுருதி மாறினால் அது டயர் சத்தம். வண்டியை லேசாக இடம் வலம் திருப்பும்போது 'ம்ம்ம்' கூடிக் குறைந்தால் வீல் பேரிங்காக இருக்கலாம்; மெக்கானிக்கிடம் போங்கள், ஷீட் கடைக்கு அல்ல.

'உஸ்'ஸுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங், அதாவது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை, தளர்ந்திருக்கிறது. பீடிங் மாற்றுவதுதான் இந்தக் கணக்கிலேயே மலிவான வேலை.

ஆக, என் வரிசை: பீடிங், டயர், பிறகு டிக்கி தரையிலும் பின்சக்கர வளைவிலும் பியூட்டைல், அதன்மேல் ஃபோம். கதவு, பாட்டுப் பிரியர்களுக்கு. அதைத் தொட்டாலும் அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளை மூடவிடாதீர்கள், மழைநீர் தேங்கித் துருப்பிடிக்கும். சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக்கின் அழுத்த சென்சார் கதவுக்குள்தான் இருக்கும், முன்கூட்டியே விசாரியுங்கள்.

போன் ஆப்பில் டெசிபல் பார்த்து ஏமாற வேண்டாம். வழக்கமான 'ஏ' அளவுகோல் 100 ஹெர்ட்ஸ் சத்தத்தை 19 டெசிபல் குறைத்துக் காட்டும். நம் 'கும்' இருப்பதே அந்தப் பக்கம்தான். கடைக்காரரிடம் முதலில் டிக்கி, பின்பக்கம் மட்டும் முடிக்கச் சொல்லி, வழக்கமாகப் போகும் ரோட்டில் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். பின்சீட்டில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழுந்தால் முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.