எருமை வேட்டைக்கு முன்பணம் கட்டும் முன் படியுங்கள்: ‘மானா பூல்ஸை ஒட்டிய ஏரியா’ என்று எனக்கு விற்கப்பட்ட இடம்

ஜோகன்னஸ்பர்க், டர்பன் பக்கம் இருக்கிற நம் ஆட்களில் வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். லிம்போப்போ பண்ணைகளில் இம்பாலா, குடு என்று சுட்டுப் பழகி, அடுத்தது கேப் எருமை என்று வடக்கே கிளம்புகிறவர்கள் அதிலும் குறைவு. அந்தக் கொஞ்சம் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். டெக்ஸாஸிலிருந்து வருகிறவர்களுக்கும் பொருந்தும். வேட்டையே கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அந்த வாதத்தை வேறு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். இங்கே பேச்சு பணத்தையும் பொய்யையும் பற்றியது.

ஜிம்பாப்வேயின் சாம்பேசிப் பள்ளத்தாக்கில், மானா பூல்ஸை ஒட்டிய சஃபாரி ஏரியா (அரசே வேட்டைக்கு ஒதுக்கிய நிலம்) என்று சொல்லி எனக்கு ஓர் எருமை வேட்டையை விற்றார்கள். கொண்டுபோய் இறக்கிய இடம் சஃபாரி ஏரியாவே இல்லை. முதிர்ந்த கடா என்று சொல்ல அங்கே ஒன்றுகூட மிச்சம் இல்லை. இது கூட்டிப்போனவர்களுக்கு முன்பே தெரியும்.

அந்தப் பெயருக்கு ஏன் இவ்வளவு விலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மானா பூல்ஸ் தேசியப் பூங்கா, சாபி, செவோரே சஃபாரி ஏரியாக்கள் மூன்றும் சேர்ந்து 1984-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் ஆனவை. மொத்தம் 6,700 சதுர கிலோமீட்டருக்கு மேல். நடுவில் வேலி கிடையாது. பூங்காவுக்குள் சுடக்கூடாது, ஆனால் உள்ளே வளர்ந்த கிழட்டுக் கடாக்கள் எல்லை தாண்டி வேட்டைப் பகுதிக்குள் வந்துபோகும். அதனால் ‘ஒட்டிய’ என்ற ஒரு சொல்லுக்கே சில ஆயிரம் டாலர் கூடும். ஆனால் எதை ஒட்டிய எது? செவோரே, நியாகசங்கா, ரிஃபா, ஹுருங்வே, டாண்டே என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், தனி எல்லை உண்டு. இவ்வளவு பெயரையும் விட்டுவிட்டு ‘சாம்பேசிப் பள்ளத்தாக்கு’ என்று பொதுவாக எழுதியிருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். சாபியில் எருமை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடலாம். அங்கே இப்போது வேட்டை இல்லை, கேமராவோடு வருபவர்களுக்கு மட்டும்தான்.

ஏஜென்ட் ஒரு வேட்டைக் கண்காட்சியில் அறிமுகமானவர். கேன்சலேஷன் ஹன்ட் என்றார். ஐரோப்பாவிலிருந்து வரவேண்டிய ஒருவர் கடைசி நேரத்தில் விலகிவிட்டாராம், அக்டோபர் மாதம், விலையில் நல்ல குறைப்பு. அக்டோபரில் தண்ணீர் எப்படி என்று கேட்டேன். அதுதான் சார் விஷயமே, என்று ஆரம்பித்தார். உள்காட்டுக் குட்டைகள் எல்லாம் வற்றியிருக்கும், எருமைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், அதனால் மந்தை மந்தையாக ஆற்றங்கரைக்கு வரும், மோப்பானே மரத்தில் இலை இருக்காது, புல் கருகிக் குட்டையாகக் கிடக்கும், தூரத்திலிருந்தே பார்க்கலாம் என்றார். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் அனுப்பிய வரைபடத்திலும் பச்சை அடித்த பகுதி ஆறு வரைக்கும் போயிருந்தது.

ஆறு அவர்களுடைய பகுதியிலேயே இல்லை. நடுவில் இன்னொருவருடைய குத்தகை நிலம். அதற்குத் தெற்கே, மலைச்சரிவை ஒட்டிய வறண்ட காட்டில் எங்கள் கூடாரம். அக்டோபர் பற்றி அவர் சொன்ன அத்தனையும் அப்படியே எங்களுக்கு எதிராகத் திரும்பியது. மந்தைகள் தண்ணீர் இருந்த பக்கம் போய்விட்டன, நாங்கள் காய்ந்த பக்கம் உட்கார்ந்திருந்தோம்.

முதல் நாள் காலை வண்டியில் ஏறும்போதே எனக்கு இடித்தது. சஃபாரி ஏரியா என்பது அரசின் வனவிலங்குத் துறை நிலம். 1975-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பூங்காக்களோடு சேர்த்து ஒதுக்கப்பட்டது. அங்கே வேட்டைக்குப் போனால் அந்தத் துறையின் ரேஞ்சர் ஒருவர் கூடவே வருவார். எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் மாவட்டக் கவுன்சிலின் ஆள். கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார்: இது கவுன்சில் நிலம், கிராமங்களின் பொது நிலம்.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1989 வாக்கில் தொடங்கிய கேம்ப்ஃபயர் திட்டத்தின்படி கிராமப் பொது நிலங்களில் வேட்டை நடத்துவது முழுக்கச் சட்டபூர்வமானது. அந்த வருமானத்தில் ஒரு பங்கு கிராமத்துக்குப் போகிறது. அப்படிப்பட்ட நிலங்களில் அருமையாகக் காடு காக்கிறவர்களும் உண்டு. ஆனால் அதன் விலை வேறு, அங்கே கிடைக்கக்கூடியது வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்றதுதான் என் புகார்.

அப்புறம் ஈ. சாம்பேசிப் பக்கம் போனவர்களுக்கு ட்செட்சி ஈ தெரியும். சட்டைக்கு மேலேயே கடிக்கும், அடித்தாலும் சாகாது. எங்கள் வண்டியில் ஓர் ஈகூட ஏறவில்லை. என்னோடு வந்த நண்பர், “பரவாயில்லண்ணே, நிம்மதியா இருக்கு” என்றார். தடம் பார்க்கிற டிராக்கர் பெரியவர் எதுவும் சொல்லவில்லை. மத்தியானம்தான் காரணம் புரிந்தது. ட்செட்சி இருக்கிற இடத்தில் மாடு பிழைக்காது. மருந்தடித்து ஈயை ஒழித்த இடங்களுக்கு மாடு வரும், மாட்டோடு குடும்பங்கள் வரும், காட்டை அழித்துப் பருத்தி போடுவார்கள். எருமை ஒதுங்கிவிடும். அவர்கள் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஈ கடிக்காத காட்டுக்கு எருமை விலை கேட்கிறவரைத்தான் குறை சொல்கிறேன்.

அந்த மத்தியானம் பார்த்த குட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஒரு ஏரியாவை எடைபோட அதுபோன்ற ஓர் இடம் போதும். கலங்கிய தண்ணீர், நடுவில் ஓர் அறை அகலம். சுற்றிலும் சேறு முழுக்கக் குளம்படி. பெரியவர் குனிந்து ஒவ்வொன்றாக விரலால் காட்டினார். நாட்டு மாடு, ஆடு, கழுதை. ஓரமாகப் பழைய எருமைத் தடம், காய்ந்து விளிம்பு உதிர்ந்திருந்தது. அதுவும் பசுவும் கன்றும். முதிர்ந்த கடாவின் முன்னங்குளம்பு அகலமாக, முனை மழுங்கிப் பதியும். தனியாக அல்லது இரண்டு மூன்றாகத்தான் போகும். அப்படி ஒன்றுகூட இல்லை. குட்டைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில், முழங்கால் உயரத்தில் கம்பிக் கண்ணி ஒன்று தொங்கியது. பெரியவர் அதைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். பையில் ஏற்கெனவே நாலைந்து கிடந்தன.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கோட்டா (வருஷத்துக்கு எத்தனை சுடலாம் என்ற அளவு) நிர்ணயிக்கும்போது, நூறு எருமை இருந்தால் வருஷத்துக்கு இரண்டு கடா என்ற மாதிரி ஒரு அளவை வைத்துக்கொள்வது வழக்கம். அதற்கு மேல் போனால் கிழட்டுக் கடா தீர்ந்து, இளசுகளைச் சுட ஆரம்பிப்பார்கள். கவுன்சில் ஆளிடம், இங்கே நிலையாக எத்தனை எருமை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு மந்தை, அறுபது இருக்கலாம் என்றார். அறுபதுக்கு ஒன்று. பூங்காப் பக்கத்திலிருந்து வந்துபோவதையும் தாராளமாகச் சேர்த்தால் இரண்டு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடாரத்துக்குப் பின்னால் தோல் உரிக்கிற ஷெட்டில் அந்த ஒரு சீசனின் மண்டையோடுகள் மட்டும் ஒன்பது இருந்தன.

அந்த ஷெட்டில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. எருமைக் கொம்பைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு கொம்பும் நெற்றியில் சேரும் தடித்த பகுதியை பாஸ் என்பார்கள். கடாவுக்கு ஐந்தாறு வயதிலேயே கொம்பின் அகலம் கிட்டத்தட்ட முழுசாக வந்துவிடும். பாஸ் முழுக்க இறுக இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதற்குப் பிறகு வயது ஏற ஏற முனை தேய்ந்து அகலம் குறையத்தான் செய்யும். கொம்பு அளவுகளைப் பதிகிற ரோலண்ட் வார்ட் பதிவேட்டில் ஏற 42 அங்குலம் வேண்டும் என்பதால் எல்லோரும் டேப்பைத்தான் பார்க்கிறார்கள். ஆக, 40, 41 என்று அங்குலம் மட்டும் அடுக்கியிருக்கிற பட்டியல் ஓர் ஏரியாவைப் பற்றி எதையும் சொல்லாது. சில நேரம் எதிராகவே சாட்சி சொல்லும்.

ஷெட்டில் இன்னும் வேகவைத்துச் சதை நீக்காத தலை ஒன்று புதிதாகக் கிடந்தது. அகலம் பிரமாதம். பாஸின் நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு மயிரும் தோலும். கொம்பின் அடியில் கத்தி முனையை வைத்து லேசாக அழுத்தினேன், முற்றாத தேங்காய் ஓட்டில் நகம் இறங்குகிற மாதிரி இறங்கியது. இனப்பெருக்கத்துக்கே இன்னும் முழுசாக வராத கடா. மற்ற எட்டில் பாதிக்கு மேல் இதே கதை. ஏஜென்ட் எனக்கு அனுப்பிய படங்களை போனில் எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் முன்னாலிருந்து, தாழ்வாக வைத்து எடுத்தவை. தொப்பி, துப்பாக்கி, கை என்று ஏதாவது ஒன்று பாஸை மறைத்திருந்தது.

எங்களை வழிநடத்திய பி.எச். (லைசென்ஸ் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர்) நல்ல பையன்தான். ஜிம்பாப்வேயில் அந்த லைசென்ஸ் வாங்குவது சாதாரண விஷயம் இல்லை, பல வருஷப் பயிற்சியும் கடுமையான தேர்வும் உண்டு. வேலையும் தெரிந்தவன். ஆனால் சம்பளம் கொடுக்கிறவர் யார் என்பது அவனுக்குத் தெரியும். கடைசி நாட்களில் ஒருவழியாக மந்தையைப் பிடித்தோம். அறுபது மீட்டர், துப்பாக்கியைத் தாங்கும் ஸ்டிக்ஸ் ஊன்றியாயிற்று. ஒரு கடா தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. நல்ல விரிந்த கொம்பு, நடுநெற்றியில் மயிர். “சுடுங்க சார், நாற்பது தாண்டும், சுடுங்க” என்று காதுக்குள் அவசரப்படுத்தினான். பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் துப்பாக்கியை இறக்கினேன். அன்று ராத்திரி நெருப்புக்குப் பக்கத்தில் அவனே சொன்னான்: இங்கே கிழட்டுக் கடா ஜூனிலேயே முடிந்துவிட்டது சார், கோட்டாவும்தான் கிட்டத்தட்ட.

மோசமானது அடுத்த நாள். வேட்டை நிறுவனத்தின் முதலாளி நேரில் வந்தார். பக்கத்துப் பகுதியில் தெரிந்தவர் இருக்கிறார், விடியற்காலையில் போய்விட்டு வந்துவிடலாம், படிவத்தில் இங்கே சுட்டதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். ஏதோ சலுகை செய்கிற தொனி. ஒவ்வொரு வேட்டைக்கும் எந்த இடம், எந்தக் கோட்டா, யார் சுட்டது என்று அரசுப் படிவம் உண்டு. அதில் இடத்தை மாற்றி எழுதினால் அது திருட்டு வேட்டை. மாட்டினால் கொம்பும் போகும், துப்பாக்கியும் போகும். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து: லேசி சட்டப்படி வேறொரு நாட்டின் சட்டத்தை மீறி எடுத்த விலங்கை உள்ளே கொண்டுவருவதே தனிக்குற்றம். மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு கூடாரத்தில் சாப்பாட்டின் தரம் குறைந்ததைக் கவனித்தேன்.

நல்ல ஏரியாவே இல்லை என்று சொல்ல வரவில்லை. காவலும் கட்டுப்பாடும் உள்ள இடத்தில் எருமை திரும்பி வரும். மொசாம்பிக்கின் மாரொமேவில் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மந்தைகள் அழிந்த நிலைக்குப் போய், இன்று சதுப்பு முழுக்க மறுபடி ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. ஒரே இடமும் வருஷத்துக்கு வருஷம் மாறும். கரிபா ஏரிக்கரையில் நீர்மட்டம் இறங்கினால் கரையில் பச்சைப்புல் விரியும், எருமை கொழுக்கும். நீர் ஏறினால் அந்த மேய்ச்சல் முழுகிப்போகும். பத்து வருஷத்துக்கு முன் மாமா போனார், நல்லா இருந்துச்சு என்பதை வைத்து முன்பணம் கட்டாதீர்கள்.

சென்ற வாரம் பிரிட்டோரியாவிலிருந்து ஒரு தம்பி போன் செய்து, “அண்ணே, பாதி விலைக்கு வருது, என்ன கேக்கணும்?” என்றான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். பகுதியின் சட்டப்படியான பெயரையும், நிலம் துறையுடையதா கவுன்சிலுடையதா என்பதையும் எழுத்தில் வாங்கு. கடந்த மூன்று வருஷக் கோட்டா எத்தனை, சுட்டது எத்தனை, இந்த வருஷம் உன் தேதிக்கு மிச்சம் எத்தனை என்று கேள். கோட்டா முழுக்க நிரம்பாத வருஷம் இருந்தால் காரணம் கேள். பொறுக்கி எடுத்த படங்கள் வேண்டாம், சென்ற சீசனின் எல்லாக் கடாவுக்கும் பாஸை மேலிருந்து எடுத்த படம் வேண்டும். கீழ்த்தாடையை எடுத்து வைக்கிறார்களா என்றும் கேள். முதல் கடைவாய்ப்பல்லின் தேய்மானத்தைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும், ஒழுங்கானவர்கள் வைத்திருப்பார்கள். உன் மாதத்தில் நிற்கிற தண்ணீர் எது, அது எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல். ரெஃபரன்ஸ் கேட்டால் கடா கிடைத்தவர்களின் எண்ணை மட்டும் தருவார்கள். கிடைக்காமல் திரும்பியவர் ஒருவருடைய எண்ணைக் கேள்.

ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: குறிப்பிட்ட பகுதியில் வேட்டை நடக்காவிட்டால் நாள் வாடகை உட்பட முழுப்பணமும் திரும்ப வேண்டும். என் ஒப்பந்தத்தில் ‘அல்லது அதற்கு இணையான பகுதி’ என்று சிறிய எழுத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது பேசுகிறார்கள். எதுவும் சுடாததால் டிராபி ஃபீஸ் (சுடும் விலங்குக்கான தொகை) திரும்ப வந்துவிட்டது. நாள் வாடகை வரவில்லை. வேட்டையில் கியாரண்டி கிடையாது சார், அடுத்த வருஷம் தள்ளுபடி தருகிறோம் என்று ஏஜென்டிடமிருந்து மெயில். கடா கிடைக்கவில்லை என்று நான் கேட்கவே இல்லை, காசு வாங்கிய இடத்துக்குக் கூட்டிப்போகவில்லை என்றுதான் கேட்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன். வரைபடம், ஒப்பந்தம், ஷெட்டில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அங்குள்ள தொழில் சங்கத்துக்கும் சுற்றுலா அதிகாரிகளுக்கும் புகார் போயிருக்கிறது. பதில் வந்தால் இதே பதிவில் சேர்க்கிறேன். அதற்குள் யாராவது அக்டோபர் கேன்சலேஷன் என்று பணம் கட்டப் போவதாக இருந்தால், கட்டுவதற்கு முன் அந்த வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள்.