லேசர்ல சூடாக்க தங்கமா, இரும்பு ஆக்சைடா?

கிண்டி லேப்ல ப்ராஜெக்ட் பண்ற தங்கச்சி கேட்டா, உடம்புக்குள்ள விட்டு 808 நேனோமீட்டர் அகச்சிவப்பு லேசர்ல சூடாக்குற நேனோ துகளுக்கு தங்கம், இரும்பு ஆக்சைடுல எத எடுக்கலாம்னு. தங்க நேனோராட்ல, அதாவது குச்சி வடிவ ரொம்பச் சின்ன தங்கத் துகள்ல, எலக்ட்ரான் எல்லாம் ஒளியோட சேர்ந்து மொத்தமா ஆடும், அதனால பயங்கரமா உறிஞ்சும், ஆனா விட்டு விட்டு அடிக்கிற பல்ஸ் லேசர் பலமா பட்டா உருண்டையாயிடும், அப்புறம் அந்த அலைநீளத்துக்கு ஆகாது.

மேக்னடைட்ங்கற இரும்பு ஆக்சைடு, அதான் பெசன்ட் நகர் பீச்சுல காந்தத்துல ஒட்டுற கருப்பு மண்ணுல இருக்குறது, அதுல இரும்பு 2+ அயனிலேர்ந்து 3+ அயனிக்கு எலக்ட்ரான் தாவும்போது ஒளிய வாங்கும், அந்த சக்தி படிக அதிர்வாகி சூடா மாறிடும். தனித்தனி துகள்னா உறிஞ்சுறது கம்மிதான், கொத்தா சேத்தா கூடும். கருப்பு பிரவுனாச்சுன்னா ஆக்சிடைஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தம், சூடும் குறையும்.

ஆனாலும் நான் இரும்பு பக்கம்தான், எம்ஆர்ஐ ஸ்கேன்ல தெரியும், உடம்பும் மெதுவா கரைச்சு எடுத்துக்கும், தங்கம் ரொம்ப நாள் லிவர்லயே கெடக்கும்.