வாக்குரிமையும் வளர்ச்சியும்: இந்தியா, சீனா குறித்து ஓர் ஒப்பீடு

1980இல் ஓர் இந்தியரின் சராசரி வருமானம் ஒரு சீனரின் வருமானத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. இன்று டாலர் கணக்கில் சீனரின் வருமானம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இந்தக் கணக்கைக் காட்டி, தேர்தலும் நீதிமன்றமும் போராட்டமும்தான் இந்தியாவின் காலைக் கட்டிப்போட்டன என்று வாதிடுவோர் படித்தவர்களிடையே நிறைய உண்டு. அந்த வாதம் கேட்பதற்கு வலுவாக இருந்தாலும், அதன் கால வரிசை இடிக்கிறது.

சீனாவில் 1949 முதல் இன்றுவரை ஆள்வது ஒரே கட்சிதான். சுதந்திரமின்மைதான் வளர்ச்சிக்குக் காரணம் என்றால், மாவோ காலத்திலேயே அது வந்திருக்க வேண்டும்; வந்ததோ 1959–61 பெரும்பஞ்சம். அதில் இறந்தோர் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை எனப் பலவாறாக மதிப்பிடுகிறார்கள். 1978 டிசம்பருக்குப் பின், மாவோவுக்குப் பிறகு சீனாவை வழிநடத்திய டெங் சியாவோபிங் மாற்றியது அரசியல் முறையை அல்ல, பொருளாதாரக் கொள்கையை. இந்தியா அத்தகைய மாற்றத்துக்கு 1991இல்தான் வந்தது. மேலும், சீனா சந்தைக்குக் கதவைத் திறந்தபோது நிலவுடைமை முறை ஏற்கெனவே உடைக்கப்பட்டிருந்தது. சராசரி ஆயுள் 65 ஆண்டுகளை ஒட்டியிருந்தது. அப்போது இந்தியரின் ஆயுள் 55 ஆண்டுகளைக்கூடத் தொடவில்லை; 1981 கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு 44 பேர்தான். தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும்போது இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரு முறைகளின் குணத்தையும் தெளிவாகக் காட்டுவது மக்கள்தொகைக் கட்டுப்பாடு என்பேன், ஏனெனில் மக்களை வற்புறுத்துவது என்ற ஒரே தவறை இரு அரசுகளும் செய்தன. நெருக்கடி நிலையின்போது, 1976–77இல் மட்டும், இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. ஆசிரியர் முதல் வருவாய்த்துறை ஊழியர் வரை பலருக்கும் ஆள்பிடிக்க இலக்கு வைக்கப்பட்டது. 1977 மார்ச் தேர்தலில், இக்கொடுமை மிகுந்திருந்த உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரஸ் ஒரு மக்களவைத் தொகுதியைக்கூட வெல்லவில்லை. ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். அதன் பிறகு எந்த மத்திய அரசும் அந்த வழியில் அவ்வளவு தூரம் போகத் துணியவில்லை.

சீனாவிலோ 1980இல் நாடு முழுவதும் பரவிய ஒரு குழந்தைக் கொள்கை 35 ஆண்டுகள் நீடித்தது. 1983இல் மட்டும் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. சீனாவின் பிறப்பு விகிதத்தில் பெரும்பகுதி வீழ்ச்சி இக்கொள்கைக்கு முந்தைய எழுபதுகளிலேயே நிகழ்ந்துவிட்டது என்பதையும், பெண் கல்வியும் மருத்துவ வசதியும் பெருகிய கேரளமும் தமிழ்நாடும் சீனா போன்ற சட்டம் எதுவுமின்றி ஏறத்தாழ அதே குறைந்த பிறப்பு விகிதத்தை அடைந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வற்புறுத்தலால் கிடைத்த பயன் மிகச் சொற்பமே. 2022 முதல் சீன மக்கள்தொகை குறையத் தொடங்கிவிட்டது. இப்போது அதே அரசு கூடுதல் குழந்தைகளைப் பெறச் சொல்லிக் கெஞ்சுகிறது.

நிலம், கட்டுமானம் ஆகியவற்றில் சீனாவின் வேகத்தை மறுக்க முடியாது. 1,318 கிலோமீட்டர் நீளமுள்ள பெய்ஜிங்–ஷாங்காய் அதிவேக ரயில்பாதை 2008இல் தொடங்கி 2011இல் திறக்கப்பட்டது. 508 கிலோமீட்டர் மும்பை–அகமதாபாத் பாதைக்கு அடிக்கல் நாட்டியதே 2017இல். ஆனால் சீனாவின் யாங்சி ஆற்றில் கட்டிய மூன்று பள்ளத்தாக்கு அணைக்காக இடம்பெயர்க்கப்பட்ட 13 லட்சம் பேருக்கு, இங்கே அணைத் திட்டத்தை எதிர்த்த நர்மதைக் கரை மக்களுக்குக் கிடைத்ததைப் போல உச்ச நீதிமன்றம் வரை சென்று திட்டத்தையே எதிர்த்து வழக்காடும் வாய்ப்பு இருக்கவில்லை. நமது தாமதங்கள் எல்லாவற்றுக்கும் ஜனநாயகத்தைப் பழிப்பதும் சரியல்ல; எவரும் எதிர்க்காத திட்டங்களும் இங்கே கோப்புகளில் உறங்குகின்றன.

ஜனநாயகத்தின் பக்கம் நிற்பவர்கள் எளிதில் விடை சொல்ல முடியாத கேள்வி வேறொன்று. பஞ்சம் வந்தால் பத்திரிகை எழுதும், எதிர்க்கட்சி கூச்சலிடும், ஆகவே அரசு அசையும் என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் சொன்னது சரியே. அன்றாடப் பசிக்கு அந்தக் கூச்சல் எழுவதில்லை என்பதையும் அவரே சுட்டிக்காட்டினார். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்கின்றனர். சீனாவில் இந்த அளவு மிகவும் குறைவு. வாக்குரிமை இருந்தும் இது நேர்கிறது. காரணம், பெரும்பாலான மாநிலங்களில் இது தேர்தல் பிரச்சினையாகவே எழவில்லை. எழுந்த இடத்தில் நிலைமை வேறாக இருக்கிறது: தமிழ்நாட்டில் 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தைப் பின்வந்த எந்த அரசும் நிறுத்தவில்லை, முட்டையைச் சேர்ப்பதில்தான் போட்டி நடந்தது. அதே கணக்கெடுப்பில் உயரம் குன்றிய குழந்தைகள் தமிழ்நாட்டில் 25 விழுக்காடு, பீகாரில் 43 விழுக்காடு.