ஜனவரி ஸ்கூல் ஷூ: 13-க்கு அடுத்து 1 ஏன், எந்த ஜோடியை எடுப்பது

டர்பனில் கிறிஸ்துமஸ் கழிந்ததும் கடைகளின் முன்வரிசைக்குக் கறுப்பு ஸ்கூல் ஷூ வந்துவிடும். சாட்ஸ்வொர்த்தானாலும் ஃபீனிக்ஸானாலும் காட்சி ஒன்றுதான். கடைப்பையன் "நம்பர் என்ன?" என்று கேட்பான், அம்மா போன வருட நம்பரோடு ஒன்றைக் கூட்டிச் சொல்வார், பிள்ளை நாலு அடி நடந்து காட்டும், பில் போட்டாயிற்று. மார்ச்சில் குதிகாலில் கொப்புளம் வருவதும், ஜூனில் கட்டைவிரல் நகம் கறுப்பதும் பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில் விளைந்த வினைதான்.

முதலில் அந்த நம்பர் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் ஸ்கூல் ஷூவுக்கு பிரிட்டிஷ் அளவுதான் வழக்கம். அதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடைவெளி ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.5 மில்லிமீட்டர். ஒரு வாற்கோதுமை மணியின் நீளத்தை வைத்து வந்த பழைய கணக்கு அது. பிள்ளைகள் அளவு 4 அங்குலத்தில் பூஜ்யமாகத் தொடங்கி 13 வரை ஏறும். அதற்குமேல் பெரியவர்கள் அளவு மறுபடி 1-லிருந்து தொடங்குகிறது. ஆகவே 13-க்கு அடுத்த ஷூ 1. போனில் "சைஸ் 2 எடுத்து வை" என்று சொன்னால் கைக்குழந்தையின் 2-ம் வரலாம், எட்டு வயதுப் பிள்ளையின் 2-ம் வரலாம். இரண்டுக்கும் நடுவே பதினோரு சென்டிமீட்டர் வித்தியாசம். வயதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல கடைகளில் 2-ஐத் தொட்டதும் விலையும் ஒரு படி ஏறிவிடும். சின்ன நம்பர்தானே என்று நினைத்துப் போகிறவர்கள் கவுண்டரில் திகைப்பது அதனால்தான்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த நம்பர் பிள்ளையின் பாதத்தை அளந்து போட்டது கிடையாது, ஷூவை எந்த அச்சுக்கட்டையின் மேல் இழுத்துத் தைத்தார்களோ அந்தக் கட்டையின் நீளம் அது. கட்டையின் முனை கூராக இருந்தால் கொஞ்ச நீளம் வெறுமனே முனையில் போய்விடும். வட்ட முனையானால் அதே நம்பருக்குள் விரலுக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். ஒரு கம்பெனியின் 12 பொருந்துகிறது, இன்னொன்றின் 12 கடிக்கிறது என்றால் இதுதான் காரணம். ஐரோப்பிய நம்பரும் கட்டையின் நீளம்தான், ஆனால் படி 6.7 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் 13 அங்கே 32 ஆகும், 1 என்பது 33. டேக்கிகளில், அதாவது விளையாட்டு ஷூக்களில், அச்சிட்டிருக்கும் அமெரிக்க நம்பர், பிள்ளைகள் அளவில் பிரிட்டிஷ் நம்பரைவிட அரை முதல் ஒன்று வரை கூடுதலாக இருக்கும். ஆகவே டேக்கி நாக்கில் இருக்கும் நம்பரைப் படித்து ஸ்கூல் ஷூ வாங்கப் போவது வம்பு.

கடைக்கு எடுத்துப்போக வேண்டியது ஒரு அட்டைக் கீற்று. செய்வது சுலபம். சாயங்காலம் அளக்க வேண்டும், நாள் முழுக்க ஓடிய பாதம் கொஞ்சம் விரிந்திருக்கும். ஸ்கூலுக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டு, சுவரில் குதிகால் ஒட்ட, பிள்ளையை இரண்டு காலிலும் எடை ஊன்றி நிற்க வையுங்கள். உட்கார்ந்தபடி அளந்தால் பாதம் சில மில்லிமீட்டர் குறைவாகக் காட்டும். கீழே தாள் வைத்து, மிக நீண்ட விரலின் முனையில் ஸ்கேலை நிமிர்த்திக் கோடு போடுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் அது கட்டைவிரல் இல்லை, சிலருக்கு இரண்டாம் விரல்தான் முந்தி நிற்கும். இரண்டு பாதத்தையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு 12 மில்லிமீட்டர் கூட்டி, அந்த நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கெட்டி அட்டை வெட்டுங்கள். தானியப் பெட்டி அட்டை போதும். ஒரு முனையை விரல்போல உருட்டி வெட்டி, அந்த முனையை முன்னால் விட்டு ஷூவுக்குள் தள்ளுங்கள். அட்டை வளைந்தால் ஷூ சின்னது. பின்னால் குதிகால் பக்கம் 5 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் பெரியது.

ஏன் 12? நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் பாதம் முன்னால் சற்று நகர்ந்து நீளும், அதற்கே சில மில்லிமீட்டர் வேண்டும். மீதிதான் வளர்ச்சிக்கு. மூன்று வயதுக்குள் பாதம் மாதம் 1.5 மில்லிமீட்டர் வரை வளரும், அதன்பிறகு ஆறு வயது வரை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், தொடக்கப்பள்ளிக் காலத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிரேடு 1 பிள்ளைக்கு ஒரு ஜோடி ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை தாங்காது. ஆறு, ஏழு மாதம்தான். இது கசப்பான செய்தி என்று தெரியும், ஆனாலும் இரண்டு நம்பர் பெரிதாக வாங்குவது இதற்கு மருந்து இல்லை. ஷூவின் முன்பக்கம் மடங்கும் இடம் விரல்கள் மடங்கும் இடத்தோடு பொருந்த வேண்டும். பெரிய ஷூவில் அந்த மடிப்பு விரல் நுனிக்குப் போய் விழும், தோல் அங்கே வெடிக்கும், பாதம் முன்னும் பின்னும் வழுக்கும், ஷூ கழன்றுவிடாமல் இருக்கப் பிள்ளை விரல்களைக் கொக்கிபோல மடக்கிப் பிடிக்கும்.

ஓர் உதாரணம். பாதம் 196 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், 12 கூட்டினால் 208. பிரிட்டிஷ் 12-இன் கட்டை 203, 13-இன் கட்டை 212. ஸ்கூல் ஷூ பெரும்பாலும் அரை நம்பரில் கிடைப்பதில்லை, ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். 12 இன்று அழகாகப் பொருந்தும், ஈஸ்டருக்குள் முடிந்துவிடும். இங்கே லேஸ் ஷூவானால் 13-ஐ எடுங்கள், ஏனென்றால் லேஸ் மேற்பாதத்தைப் பிடித்துக் குதிகாலைப் பின்னால் நிறுத்தும். மெல்லிய உள்தகடு ஒன்றைக் கீழே போட்டால் உயரம் குறைந்து இன்னும் இறுகும். நீளத்தை அது குறைக்காது, குறைக்கவும் வேண்டாம். லேஸோ பக்கிளோ இல்லாமல் சும்மா நுழைக்கும் ஷூவில் இந்த வித்தை பலிக்காது. வளரும் பாதத்துக்கு அந்த வகையை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

லேஸ் ஷூவுக்கு முதலிடம். இங்கே பலர் வாயில் ஸ்கூல் ஷூ என்றாலே பாட்டாவின் டஃபீஸ் என்றுதான் வரும். எந்தப் பெயரானாலும் கடையில் மூன்று காரியம் செய்து பாருங்கள். குதிகால் கிண்ணத்தை இரு பக்கமும் அழுத்துங்கள், அது அமுங்கக்கூடாது. முனையைப் பிடித்து மேலே வளையுங்கள், மடிப்பு விரல்கணுக்கள் வரும் இடத்தில் விழ வேண்டும், நடுப்பாதத்தில் மடிந்தால் வைத்துவிடுங்கள். உள்தகடு கழன்று வருகிறதா பாருங்கள். வந்தால் நல்ல அதிர்ஷ்டம்: அதைத் தரையில் போட்டுப் பிள்ளையை அதன்மேல் நிறுத்தினால் விரலுக்கு முன்னால் எவ்வளவு மிச்சம், பாதம் இரு ஓரங்களிலும் வழிகிறதா என்று கண்ணாலேயே தெரியும். மேலிருந்து கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கத்தை நம்பாதீர்கள். ஸ்கூல் ஷூவின் முனை உள்ளே கெட்டியாக இருக்கும், அழுத்தம் தெரியாது. அமுக்கும்போது பிள்ளையும் விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பெண்பிள்ளைகளின் பக்கிள் ஷூவுக்கு இரண்டாமிடம். மேல்வெட்டு தாழ்வாக இருப்பதால் பாதத்தைப் பிடிப்பது அந்த ஒற்றை வார்தான். வாரில் நடு ஓட்டையில் கட்டும்போதே இறுகினால்தான் வாங்கலாம், கடைசி ஓட்டைக்குப் போனால் அது வருடம் முழுக்கத் தளரும். கிரேடு 1-க்கு முந்தின கிரேடு ஆர் பிள்ளைகளுக்கு ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வசதிதான். ஒட்டும் பகுதியில் நூலும் புல்லும் சேர்ந்தால் பிடி விடும், பழைய பல்துலக்கியால் வாரம் ஒருமுறை தேய்த்தால் திரும்பும்.

அகலத்தைப் பற்றிக் கடைகளில் யாரும் கேட்பதில்லை, இது பெரிய குறை. நம் ஊரில் பிள்ளைகள் வீட்டிலும் முற்றத்திலும் கோயிலிலும் வெறுங்காலில்தான் இருப்பார்கள், முன்பாதம் நன்றாக விரிந்திருக்கும். அகலம் போதாமல் ஒரு நம்பர் கூட்டி வாங்குவது நீளத்தைக் கெடுக்கும். அதைவிட வட்ட முனையுள்ள வேறு கம்பெனிக்கு மாறுங்கள்.

லே-பை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்டோபரில் பணம் கட்டி ஒதுக்கி வைத்து ஜனவரியில் எடுத்தால், அதற்குள் பாதம் 2, 3 மில்லிமீட்டர் போயிருக்கும். அட்டையில் 12-க்குப் பதில் 15 கூட்டுங்கள், அல்லது கடைசித் தவணையின்போது நம்பரை மாற்றித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். அளவு சரியில்லை என்பதற்காகக் கடையில் வாங்கியதைத் திருப்பித் தரும் உரிமை சட்டத்தில் இல்லை, அது கடைக்காரரின் மனசு. அடிப்பாகம் பிரிந்தால் கதை வேறு: 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ பணம் திரும்பக் கேட்கவோ முடியும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் பொதுவாகப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், அனுப்பும் செலவு நம்முடையது. அதுவரை கம்பளத்தின் மேல் மட்டும் நடக்கவிடுங்கள். ஒரு கீறல் அடிப்பாகத்தில் விழுந்தாலும் வாதம் தொடங்கிவிடும்.

வாங்கியபின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உள்தகட்டை வெளியே எடுங்கள். விரல்களின் கறுத்த தடம் அதில் பதிந்திருக்கும். தடத்தின் முன்னால் ஒரு விரல் அகலத்தில் பாதிகூட இல்லையென்றால் அந்த ஷூவுக்கு விடைகொடுங்கள். அண்ணன் தேய்த்த ஷூவைத் தம்பிக்குக் கொடுக்கும்போதும் இதே தடத்தைப் பாருங்கள். ஆழமாகக் குழிந்திருந்தால் அது அண்ணன் பாதத்தின் வார்ப்பு, தம்பியின் பாதம் அதில் சரிந்துதான் நிற்கும். சலுகை விலையில் கிடைக்கிறதே என்று அடுத்த இரண்டு வருட நம்பரை முன்கூட்டி வாங்கி ஆயா வீட்டு அலமாரியில் அடுக்குவதும் வேண்டாம். டர்பன் புழுக்கத்தில் பாலியூரிதேன் அடிப்பாகம் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே சிதையும், சில வருடம் கழித்துப் போட்ட முதல் நாளே பிஸ்கட் போல உதிரக்கூடும்.